எழுவாய் தேவையில்லை

மனித குலம் கண்டுபிடித்தவற்றுள் தலைசிறந்தவை மூன்று: நெருப்பு, சக்கரம், ஆங்கிலத்தின் செயப்பாட்டு வினை. முதல் இரண்டையும் கண்டுபிடித்தவர் யார் என்று நமக்குத் தெரியாது. மூன்றாவதன் பெருமையோ, எதைச் செய்தவர் யார் என்று எவருக்குமே தெரிய வேண்டியதில்லை என்பதுதான். இந்த மாபெரும் உண்மை பேரறிஞர்கள் கண்ணில் படவில்லை. குடிநீர் வாரியத்தின் வட்ட அலுவலகத்தின் கண்ணில் பட்டது. அங்கேயும் குறிப்பாக, அதன் கண்காணிப்பாளர் கண்ணில் பட்டது.

அவரை அலுவலகத்தில் 'முற்றுப்புள்ளி' என்பார்கள். எந்தக் கோப்பும் அவர் மேசைக்கு வந்துவிட்டால் அத்தோடு முடிந்தது என்பதால் வந்த பெயர். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். பொதுமக்களின் குறை கேட்கும் பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. அவர் குறை கேட்கும் அழகே தனி. கண்ணை மூடி, தலையை மெல்ல ஆட்டி, கச்சேரி கேட்பதுபோலக் கேட்பார். கச்சேரி முடிந்ததும் "பார்க்கலாம்" என்பார். வந்தவர் மனம் குளிர்ந்து போய்விடுவார். யாரும் எதையும் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

இப்படி அமைதியாக ஓடிக்கொண்டிருந்த அலுவலகத்தில், ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிய இயக்குநர் அவசரக் கூட்டம் கூட்டினார்.

"வெளிநாட்டு நிபுணர் குழு நம்மைப் பார்வையிட வருது," என்றார். "அவங்க குழாயைத் திறந்து பார்ப்பாங்க. அப்படிப் பார்க்காம இருக்க ஒரே வழிதான் இருக்கு."

"தண்ணி விட்டுடலாமா சார்?" என்றார் கணக்காளர்.

இயக்குநர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "நாம எல்லாரும் இங்கிலீஷ் பேசணும். வந்தவங்களை வாசல்லேயே பிடிச்சு, விடாம பேசணும். அவங்க குழாய்ப் பக்கமே போகக்கூடாது."

ஆகவே ஆங்கில வகுப்பு. எந்த நேரத்தில் நடத்துவது என்பதில் மட்டும் நீண்ட விவாதம் நடந்தது. காலையில் தேநீர், மதியம் ஓய்வு, மாலையில் புறப்படும் ஆயத்தம். எல்லோரும் சும்மா இருக்கும் நேரம், பொதுமக்கள் குறை சொல்ல வரும் நேரம் ஒன்றுதான் என்று ஏகமனதாக முடிவாயிற்று. குறைகேட்பு அறையே வகுப்பறை ஆனது. பொதுமக்கள் உட்காரும் நாற்காலிகளில் ஊழியர்கள் உட்கார்ந்தார்கள். வாசலில் ஒரு அட்டை தொங்கியது: 'உங்கள் குறைகளை மேலும் சிறப்பாகக் கேட்பதற்காக ஆங்கிலம் பயில்கிறோம். தயவுசெய்து கதவைத் தட்டாதீர்கள்.'

முற்றுப்புள்ளி முதல் வரிசையில் இடம் பிடித்தார். காரணம் இருந்தது. உதவி மேலாளர் நாற்காலி காலியாகிச் சில காலம் ஆகிறது. பரீட்சையில் முதலாவதாக வருபவருக்கு அந்த நாற்காலி என்று இயக்குநர் வாக்குக் கொடுத்திருந்தார். அது சுழலும் நாற்காலி. இத்தனை வருடமாக நாலு கால் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்த மனிதருக்கு ஒரு தடவையாவது சுழல வேண்டும் என்று ஆசை இருக்காதா?

பாடம் நடத்த வந்தவர் இளம்பெண். மொழியின்மேல் உண்மையான காதல் உள்ளவர். அந்த அலுவலகத்தில் அப்படி ஒரு உணர்ச்சியோடு யாரும் எதையும் செய்து பார்த்திராததால், அவரை எல்லோரும் கொஞ்சம் பயத்தோடு பார்த்தார்கள்.

"முதல்ல எழுவாய்," என்றார் பயிற்சியாளர், சற்றுக் குரல் உயர்த்தி.

தூங்கிக்கொண்டிருந்த கணக்காளர் பதறி எழுந்து நின்றார்.

"நீங்க உட்காருங்க சார். ஒரு வேலையைச் செய்யறவர் யாரோ, அவர்தான் எழுவாய். அடுத்தது பயனிலை."

"அது தெரிஞ்ச விஷயந்தானே மேடம்," என்றார் பொறியாளர், பெருமூச்சோடு. "பயனில்லைன்னு தெரிஞ்சுதான் இத்தனை வருஷமா ஓட்டறோம்."

பயிற்சியாளர் பொறுமையாகப் பலகையில் ஒரு வாக்கியம் எழுதினார். 'தி இன்ஜினியர் ப்ரோக் தி பைப்.' பொறியாளர் குழாயை உடைத்தார்.

பொறியாளர் துள்ளி எழுந்தார். முகம் வெளுத்துவிட்டது. "யார் சொன்னது உங்களுக்கு?"

"யாரும் சொல்லல சார். இது உதாரணம்."

"உதாரணத்துக்கு என் தலைதானா கிடைச்சுது? அந்த மிஷின்காரன் பள்ளம் தோண்டும்போது நான் அங்க இல்லவே இல்ல. டீ குடிக்கப் போயிருந்தேன்!"

மற்றவர்கள் அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டினார்கள். முந்தின வாரம், முற்றுப்புள்ளி குடியிருக்கும் தெருவில் புதைசாக்கடை வேலைக்காகப் பள்ளம் தோண்டினார்கள். அப்போது குடிநீர்க் குழாய் விரிசல் விட்டது. அதைச் சரிசெய்யாமல் மேலே மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்கள். இது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். முற்றுப்புள்ளிக்கும் தெரியும். தெரிந்ததைத் தெரியாததுபோல் வைத்திருப்பதுதானே நிர்வாகம்?

பயிற்சியாளர் அவசரமாக வாக்கியத்தை அழித்தார். 'தி கிளார்க் லாஸ்ட் தி ஃபைல்' என்று எழுதினார். எழுத்தர்கள் கொதித்தெழுந்தார்கள். 'ஐ ஆம் லேட்' என்று எழுதினார். அதை உரக்கப் படிக்க ஒருவரும் முன்வரவில்லை. எந்த வாக்கியத்திலும் எழுவாயாக இருக்க அந்த அலுவலகத்தில் ஆளே இல்லை. செயப்படுபொருளைப் பற்றிக் கவலையே இருக்கவில்லை. அதற்குத்தான் பொதுமக்கள் இருக்கிறார்களே!

மனம் சோர்ந்துபோன பயிற்சியாளர், "சரி, இதுவரைக்கும் பார்த்தது செய்வினை. இதையே வேற மாதிரியும் சொல்லலாம்," என்று எழுதினார்: 'தி பைப் வாஸ் ப்ரோக்கன்.'

"குழாய் உடைக்கப்பட்டது," என்று மெல்லப் படித்தார் முற்றுப்புள்ளி. அவர் உடம்பில் ஏதோ சிலிர்த்தது. "மேடம், உடைச்சது யாருன்னு சொல்ல வேண்டாமா?"

"வேண்டாம் சார். யாருன்னு தெரியலேன்னா விட்டுடலாம்."

"தெரிஞ்சிருந்தா?"

"அப்பவும் விட்டுடலாம். வாக்கியம் முழுமைதான்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எப்பேர்ப்பட்ட மொழிய்யா," என்றார் தழுதழுத்த குரலில்.

"தமிழ்லயும் இது இருக்கே சார்," என்றார் ஒரு எழுத்தர்.

"இருக்கலாம். ஆனா தமிழ்ல சொன்னா ஜனங்களுக்குப் புரிஞ்சு தொலைச்சிடும்."

அன்றிலிருந்து முற்றுப்புள்ளி புது மனிதர் ஆனார். நாளெல்லாம் செயப்பாட்டு வினையில் அறிவிப்புகள் எழுதித் தள்ளினார். 'தண்ணீர் நிறுத்தப்பட்டுள்ளது.' 'தாமதம் உணரப்பட்டுள்ளது.' 'பொறுமை எதிர்பார்க்கப்படுகிறது.' எல்லாம் ஆங்கிலத்தில். அவை தெருத்தெருவாக ஒட்டப்பட்டன. யாருக்கும் புரியவில்லை. புகார் சொல்ல வந்தவர்களும் மூடிய கதவையும் அட்டையையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அந்த மாதம் ஒரு புகார்கூடப் பதிவாகவில்லை. மக்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று தலைமையகத்துக்கு அறிக்கை போயிற்று.

வீட்டில் மட்டும் இந்த முன்னேற்றத்துக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை.

முற்றுப்புள்ளியின் மனைவி தையல்காரர். முன்னறையில் இரண்டு தையல் மெஷின் போட்டு, பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுப்பவர். வெட்டுவதற்கு முன் துணியைத் தண்ணீரில் ஊறப்போடுவது அவர் வழக்கம். இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே சட்டை சுருங்கிவிடும். ஒரு நாள் மாலை முற்றுப்புள்ளி வீட்டுக்குள் நுழைந்தபோது, கொடி நிறைய பழுப்புத் துணி தொங்கியது.

"என்ன, சீருடையோட கலரை மாத்திட்டாங்களா?" என்றார்.

"அவங்க மாத்தல. உங்க தண்ணி மாத்திடுச்சு," என்றார் மனைவி. "காலையில வெள்ளைவெளேர்னு ஊறப்போட்டேன். இப்பப் பாருங்க, டீ வடிகட்டற துணி மாதிரி இருக்கு. நாத்தம் வேற. ஏங்க, குழாய் எங்கேயோ உடைஞ்சிருக்கா?"

"உடைக்கப்பட்டிருக்கலாம்."

"யாரு உடைச்சா?"

"அதைச் சொல்லணும்னு அவசியமில்ல. இலக்கணமே இடம் கொடுக்குது."

மனைவி ஒரு பழுப்புத் துணியை உதறி மறுபடி கொடியில் போட்டார். பிறகு கத்தரிக்கோலை மேசையில் வைத்தார். "அப்படியா? சரி. இன்னிக்கு ராத்திரிக்கு சமைக்கப்படல. யாரு சமைக்கலேன்னு கேக்காதீங்க. இலக்கணம் இடம் கொடுக்காது."

முற்றுப்புள்ளி வெறும் வயிற்றோடு படுத்தார். ஆனாலும் மனைவியின் வாக்கியத்தில் பிழை ஏதும் இல்லை என்பதை ஒப்புக்கொண்டார். அவர் நியாயஸ்தர்.

மறுநாள் வகுப்பில் புதுப் பாடம். "சிச்சுவேஷனல் ஐரனி," என்றார் பயிற்சியாளர்.

தண்ணீர்ப் பரிசோதகர் முகம் மலர்ந்தது. "இது நம்ம சப்ஜெக்ட் மேடம். தண்ணியில அயர்ன் ஏறினா அது ஐரனி. சூழ்நிலைக்குத் தக்கபடி ஏறி இறங்கும்."

"இல்ல சார், இரும்புக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. சூழ்நிலை முரண். நாம ஒண்ணு நடக்கும்னு எதிர்பார்ப்போம். அதுக்கு நேர் எதிரா நடக்கும். இப்ப, கடிகாரக் கடைக்காரர் தினமும் கடைக்கு லேட்டா வர்றார்னு வெச்சுக்குங்க..."

"அவருக்கு மெமோ கொடுத்தாங்களா?" என்றார் கணக்காளர்.

"அது சொந்தக் கடை சார்."

"அப்ப லேட்டுன்னு எப்படிச் சொல்ல முடியும்? முதலாளி வர்றதுதானே நேரம்?"

பேசிப் பேசிப் பயிற்சியாளருக்குத் தொண்டை வறண்டது. மூலையிலிருந்த குழாயைத் திருப்பினார். அது ஒரு முறை செருமிவிட்டு அடங்கியது. "இங்க தண்ணி வராதும்மா," என்று சொல்லிவிட்டு, கடைநிலை ஊழியர் கடைக்கு ஓடி ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி வந்தார். குடித்து முடித்த பயிற்சியாளர் கண்கள் பளபளக்க வகுப்பைப் பார்த்தார். "இதோ! இப்ப நடந்ததுதான் முரண். கவனிச்சீங்களா? இது எந்த ஆபீஸ்?"

'குடிநீர் வாரியம்' என்று எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

"இதுல என்ன மேடம் முரண்?" என்றார் பொறியாளர். "நாங்க சப்ளை பண்றவங்க. குடிக்கறவங்க இல்ல."

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. அட்டையைப் படித்தும் தட்டுகிற கை யாருடையது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கையில் பழுப்புச் சட்டைத் துணியும், மறு கையில் கலங்கிய தண்ணீர் பாட்டிலுமாக உள்ளே வந்தவர், முற்றுப்புள்ளியின் மனைவி. முற்றுப்புள்ளி புத்தகத்தை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தார்.

"மன்னிக்கணும். நீர் வாரியம் இதுதானே?" என்றார் மனைவி. "குறை சொல்லலாம்னு வந்தேன். குறை கேக்கற ரூம்ல குறை கேக்க மாட்டோம்னு போட்டிருக்கு. குறை கேக்கறதில்லேன்னு ஒரு குறை சொல்லணும்னா அதை எந்த ரூம்ல சொல்றது? எங்க தெருவுல சாக்கடை கலந்த தண்ணி வருது. இதைக் கவனிக்க வேண்டிய ஆபீசர் எங்க வீட்லேயே இருக்கார். அதே தண்ணியிலதான் குளிக்கறார். அதோ, புத்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சிட்டு உட்கார்ந்திருக்காரே, அவர்தான்."

பயிற்சியாளர் தன்னை மறந்து கைதட்டினார். "அற்புதம்! இதுதான்! ஒரே மூச்சுல நாலு முரண்!"

உடனே வகுப்பே உற்சாகம் கொண்டது. "மெதுவாச் சொல்லுங்கம்மா, எழுதிக்கறோம்," என்றார் கணக்காளர். "சாக்கடைக்கு ஸ்பெல்லிங் என்ன மேடம்?" என்றார் ஒரு எழுத்தர். தண்ணீர் பாட்டில் கைமாறிக் கைமாறி எல்லோராலும் ரசிக்கப்பட்டது. எல்லாம் எழுதி முடித்ததும் இயக்குநர் எழுந்து, பாடத்துக்கு உறுதுணையாக இருந்த பெண்மணிக்கு நன்றி கூறினார்.

"நன்றி இருக்கட்டும். குழாய்?" என்றார் மனைவி.

கைதட்டிய பயிற்சியாளரின் முகம் அப்போதுதான் மாறியது. "சார், இது வெறும் உதாரணம் இல்லையே. நிஜமாவே குழாய் உடைஞ்சிருக்கு. ஏதாவது செய்யணும்."

"செய்யறது பாடத்திட்டத்துல இருக்கா?" என்று கேட்டார் இயக்குநர். இல்லை. ஆகவே செய்யப்படவில்லை.

மனைவி போகும்போது முற்றுப்புள்ளியை ஒரு பார்வை பார்த்தார். அது எந்த இலக்கணத்திலும் அடங்காத பார்வை. என்றாலும் முற்றுப்புள்ளி கலங்கவில்லை. பரீட்சையில் 'சூழ்நிலை முரணுக்கு ஓர் எடுத்துக்காட்டு தருக' என்ற கேள்விக்குச் சொந்த மனைவியின் சொந்தக் குறையைச் செயப்பாட்டு வினையில் அழகாக எழுதி முதலாவதாக வந்தார். சுழலும் நாற்காலி அவருக்கே என்று அறிவிக்கப்பட்டது. உத்தரவு வருவதற்கு முன்பே அதில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். சுகமாகத்தான் இருந்தது. லேசாகத் தலை சுற்றியது, அவ்வளவுதான்.

அந்த மயக்கத்தோடு வீட்டுக்கு வந்தவர், தன் வீட்டுச் சுற்றுச்சுவருக்கு முன்னால் தெருவே கூடியிருப்பதைக் கண்டார். சுவரில் புதிதாக ஒரு அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. எதிர்வீட்டு வேன் டிரைவர் அதன் எதிரில் நின்றிருந்தார். ஷேவ் செய்யாத முகம், கண் சிவந்திருந்தது.

"சார், நல்ல வேளை வந்தீங்க," என்றார் டிரைவர். "உங்க ஆபீஸ்லேருந்து வந்து ஒட்டிட்டுப் போனாங்க. இங்கிலீஷ்ல இருக்கு. என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன்."

"என்ன அவசரம்? அப்புறம் பார்க்கலாமே," என்றார் முற்றுப்புள்ளி.

"பாப்பா ஆஸ்பத்திரியில இருக்கு சார். வாந்தி, பேதி. குளுக்கோஸ் ஏத்திட்டிருக்காங்க. எதைக் குடிச்சாள்னு டாக்டர் கேட்டார். குழாய்த் தண்ணியைத் தவிர வேற என்ன குடிச்சா, சொல்லுங்க."

பாப்பா என்றால் அவருக்குத் தெரியும். தினமும் காலையில் அவர் செருப்பு மாட்டும்போது எதிர்வாசலிலிருந்து "அங்கிள், டாட்டா" என்று கத்தும் குட்டி. கடந்த சில நாட்களாக அந்தக் குரல் கேட்கவில்லை என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

சுவரைப் பார்த்தார். அவருடைய சொந்த வாக்கியங்கள் அவரையே பார்த்தன. போன வாரம் அவரே எழுதியவை. இயக்குநர் தோளில் தட்டிப் பாராட்டியவை.

"நீரின் நிறம்... கவனிக்கப்பட்டுள்ளது," என்று தமிழ்ப்படுத்தினார்.

"யாரு கவனிச்சா?" என்றார் டிரைவர்.

"அது போடல. ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்தப்படுகிறது."

"யாரு சார் வருந்தறா?"

முற்றுப்புள்ளி அடுத்த வரிக்குப் போனார். "நடவடிக்கை... எடுக்கப்படும்."

"யாரு எடுப்பாங்க? நான் சண்டைக்கு வரல சார். ஒரே ஒரு பேரு சொல்லுங்க. அவர்கிட்ட போய்க் கையைப் பிடிச்சிக் கேக்கறேன். இதுல பேரே இல்லையே! சரி, இதை எழுதினது யாரு?"

'எழுதப்பட்டிருக்கிறது' என்ற சொல் முற்றுப்புள்ளியின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இலக்கணப்படி அது முழு வாக்கியம். வாசல் படியில் மனைவி நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்," என்றார் முற்றுப்புள்ளி.

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார். பணியில் சேர்ந்த நாளிலிருந்து அந்தச் சொல்லால் அவர் ஒரு வாக்கியத்தையும் தொடங்கியதில்லை. ஆனால் ஒன்று வெளியே வந்ததும் மற்றவை தாமாகப் பின்னால் வந்தன. "நான் எழுதினேன். பள்ளம் தோண்டறப்போ பொறியாளர் டீ குடிக்கப் போனார். மிஷின்காரன் குழாயை உடைச்சான். சாக்கடையும் குடிதண்ணியும் ஒண்ணாப் போகுது. இயக்குநர் மூடி மறைக்கச் சொன்னார். நாங்க எல்லாரும் மறைச்சோம். எனக்கு அன்னிக்கே தெரியும்."

டிரைவர் கையை ஓங்குவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் ஓங்கவில்லை. "தெரிஞ்சுமா சார்?" என்று மட்டும் கேட்டார். அடி வாங்கியிருந்தால் எவ்வளவோ தேவலை என்று முற்றுப்புள்ளிக்குத் தோன்றியது.

"பேசினது போதும். வால்வு எங்க இருக்கு?" என்றார் மனைவி.

தெருக்கோடியிலிருந்த வால்வை முற்றுப்புள்ளியே காட்டினார். டிரைவரும் அவருமாகச் சேர்ந்து திருகி மூடினார்கள். மறுநாள் காலை தெருவே திரண்டு வாரியத்துக்குப் போயிற்று. அவர்கள் அட்டையைப் படிக்கவும் இல்லை, கதவைத் தட்டவும் இல்லை. திறந்துகொண்டே உள்ளே போனார்கள். "பொறியாளர் யாரு? இயக்குநர் யாரு?" என்று பெயர் சொல்லிக் கேட்டார்கள். பெயர் சொல்லிக் கேட்கப்பட்டதும் குழாய் வெகு சீக்கிரம் சரியாகிவிட்டது. பாப்பா தேறி வீடு திரும்பினாள். மெலிந்த கையை ஆட்டி அவள் "டாட்டா" சொன்னபோது முற்றுப்புள்ளி பதிலுக்குக் கையை உயர்த்தினார். அவள் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

வெளிநாட்டு நிபுணர் குழு வந்து, ஆங்கிலத்தில் மூச்சு முட்டும்படி வரவேற்கப்பட்டு, குழாய்ப் பக்கமே போகாமல், மனம் நிறைந்து திரும்பியது. உதவி மேலாளர் நாற்காலியில் இப்போது பொறியாளர் சுழல்கிறார். பயிற்சியாளரை, 'பாடத்திட்டத்துக்கு வெளியே உதாரணம் காட்டியதற்காக' நிறுத்திவிட்டார்கள்.

முற்றுப்புள்ளிக்கும் வீடு தேடி ஒரு குற்றப்பத்திரிகை வந்தது. ஆங்கிலத்தில்தான். துணி வெட்டிக்கொண்டிருந்த மனைவி, "என்னவாம்? படிங்க," என்றார்.

அவர் தமிழ்ப்படுத்தினார். "நீங்கள் குழாயை உடைத்தீர்கள். நீங்கள் தண்ணீரைக் கெடுத்தீர்கள். நீங்கள் உண்மையை மறைத்தீர்கள். நீங்கள் வால்வை மூடினீர்கள். நீங்கள் பொதுமக்களைத் தூண்டிவிட்டீர்கள்."

மனைவி கத்தரிக்கோலை நிறுத்தினார். "எல்லாத்தையும் நீங்க ஒருத்தரேவா செஞ்சீங்க? அப்ப மத்தவங்கள்லாம் என்ன செஞ்சிட்டிருந்தாங்களாம்?"

"இங்கிலீஷ் படிச்சிட்டிருந்தாங்க," என்றார் முற்றுப்புள்ளி.

ஆகவே, குடிநீர் வாரியத்துக்குச் செயப்பாட்டு வினையைத் தவிர வேறொன்றும் தெரியாது என்று இனி எவரும் பழிக்க வேண்டாம். செய்வினையும் அதற்கு மிக நன்றாகவே தெரியும். உண்மையைச் சொன்ன ஒருவருக்கு வைப்பதற்காக அதைப் பத்திரமாகப் பொத்தி வைத்திருந்தது, அவ்வளவுதான்.